நாவல், தன்வரலாறு, சித்திரக்கதை: ஒரு நூலை நாம் நம்புவது எதனால்?

கோட்டைவாசல் வாசகர் (தொடக்கப் பதிவு)

சென்ற மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால், நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்களையெல்லாம் கூடத்தில் இறக்கி வைத்தோம். மறுபடி அடுக்கும்போது என் பேத்தி உதவிக்கு வந்தாள். எது நாவல், எது தன்வரலாறு என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஒரே பைண்டரிடம் கொடுத்து ஒரே சிவப்புக் காலிகோ துணியில் கட்டியவை என்பதால், மு.வ.வின் ‘அகல் விளக்கு’, உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, பழைய முத்து காமிக்ஸ் தொகுப்பு ஆகிய மூன்றையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். காமிக்ஸை எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கத்தான் என் கை முதலில் போனது. எதற்காக எடுக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது சரியான பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே வைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்திருந்த ‘இரும்புக்கை மாயாவி’ காமிக்ஸ் இதழை ஓர் ஆசிரியர் பிடுங்கி, வகுப்பின் முன்னால் நான்காகக் கிழித்தார். அது என்னுடைய இதழ்கூட இல்லை, வாடகை நூலகத்தில் எடுத்தது. அதற்கு உரிய பணத்தை என் அம்மா மளிகைக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கட்டினார். அதே ஆசிரியர் மறுவாரம் என்னை அழைத்து, ‘அகல் விளக்கு’ நாவலைத் தம் சொந்தப் படியிலிருந்து படிக்கக் கொடுத்தார். அவர் கிழித்ததை நான் மறக்கவில்லை, கொடுத்ததையும் மறக்கவில்லை. ஆனால் கிழிக்கப்படுவது, கொடுக்கப்படுவது என்று புத்தகங்கள் இரண்டு சாதியாக என் மனத்தில் பிரிந்தது அன்றுதான்.

மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தேன். ‘அகல் விளக்கு’ 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அதன் ஆசிரியர் 1912இல் பிறந்தவர், நம் வட ஆற்காட்டு வேலம் கிராமத்தைச் சேர்ந்தவர். வேலய்யன் தன் நண்பன் சந்திரனின் கதையைச் சொல்கிறான். அறிவும் அழகும் மிகுந்த சந்திரன் நெறி தவறி, நோயுற்று, இளமையிலேயே அணைந்துபோகிறான். நடுத்தரமான வேலய்யனோ நின்று நிதானமாக எரிகிறான். மு.வ. தம் கருத்தைக் கதைமாந்தர் வாயில் வைத்துப் பேசும் பக்கங்கள் அதில் நிறைய உண்டு. இந்த வயதில் அவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். எனினும் வாலாஜாவும் பாலாறும் வரும் பக்கங்களில் நின்றுவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் அச்சில் வந்திருப்பதைப் பதின்மூன்று வயதில் பார்த்தபோது, அந்தக் கதை நடந்தே இருக்க வேண்டும் என்று நம்பினேன். அறிவுரைக்காக நம்பியவன் அல்லன் நான், ஆற்றுக்காக நம்பியவன்.

‘என் சரித்திரம்’ என்னை நம்ப வைத்த விதம் வேறு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் முதன்முதலாகப் பார்க்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற பொருள்படக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்ட ஒருவர், தாம் பார்த்தே இராத ஒரு நூலின் முன்னால் கூசி நின்ற கணத்தை, அறுபது ஆண்டு கழித்து, ஊரே தம்மைத் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடும் காலத்தில், வார இதழில் தொடராக எழுதுகிறார். தம்மைக் குறைத்துக் காட்டும் இடத்தை மறைக்காதவர், உயர்த்திக் காட்டும் இடத்திலும் மிகைப்படுத்த மாட்டார் என்ற உறுதி எனக்கு அந்தப் பக்கத்தில் உண்டாயிற்று.

காமிக்ஸில் நடப்பதோ எல்லாமே நடக்க முடியாதது. ஆய்வக உதவியாளர் ஒருவருக்கு வலக்கை போய்விடுகிறது. அதற்கு மாற்றாக இரும்புக்கை பொருத்துகிறார்கள். உயர் மின்னழுத்தம் உடலில் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர மற்றெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. இதை எப்படி நம்பினோம்? அந்தக் கதை தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒரு விதியை மீறுவதில்லை என்பதால் நம்பினோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கை மட்டும் மறையாது. எத்தனை பெரிய ஆபத்திலும் மறையாது. மறைந்தால் மாயாவி எளிதில் தப்பித்துவிடலாம் என்று தெரிந்தும், கதை அவருக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

ஆகவே ஊரால் ஒன்றை நம்பினேன், ஒப்புதலால் ஒன்றை நம்பினேன், விதியால் ஒன்றை நம்பினேன். இம்மூன்றில் ஒன்று மற்றொன்றைவிடத் தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு இப்போது காரணம் இல்லை. உங்கள் வாசிப்பில் இது எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

நீவாநதி

ஐயா, ஊரால் நம்புவது பற்றி நீங்கள் எழுதியதை என் அனுபவத்திலிருந்து சற்று விரிக்கலாம் என்று எண்ணுகிறேன். எங்கள் வீடு காட்பாடிக்கு வடக்கே, பொன்னையாற்றுப் பக்கம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலை எல்லாரும் தஞ்சாவூர்க் கதை என்றே சொல்கிறார்கள். ஆனால் அதன் வழியெல்லாம் குதிரையில் போகும் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். வாணர்களின் திருவல்லம் நம் ஊரிலிருந்து கூப்பிடு தொலைவு. பக்கத்தில் உள்ள மேல்பாடியிலோ, இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னரின் நினைவாக எடுத்த கோயில், இருக்கிறது. ஆற்றூரில் துஞ்சிய தேவர் என்று கல்வெட்டு அவரைக் குறிப்பிடுகிறது.

கல்லூரி நாட்களில் நாவலைப் படித்த சூட்டோடு மிதிவண்டியில் மேல்பாடிக்குப் போனேன். உச்சிவெயிலில் அங்கே யாரும் இல்லை. கருங்கல் சுவரில் விரலை வைத்து, எழுத்துகளைப் படிக்கத் தெரியாமலே தடவிப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. வரலாற்று நாவலாசிரியருக்குக் கிடைத்த பொருள் மிகமிகக் குறைவு. வந்தியத்தேவர் என்ற பெயரை நமக்குத் தருவது, குந்தவையார் அவருடைய தேவியார் என்று சொல்லும் தஞ்சைக் கல்வெட்டுத் தொடர்தான். அந்த ஒற்றை வரியிலிருந்து ஐந்து பாகங்களுக்கு ஓர் இளைஞனை நடமாட விட்டிருக்கிறார் கல்கி. கல்லில் இருப்பதை அவர் மாற்றவில்லை, கல் சொல்லாத இடத்தில் மட்டும் எழுதினார். வரலாற்று நாவலை நான் நம்புவது இந்த எல்லைக்கு உட்பட்டுத்தான். பிறகு வந்த பலர் இந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் வாளும் வசனமுமாக எழுதிக் குவித்ததைப் படித்து ஏமாந்திருக்கிறேன்.

குடியாத்தம் சந்தாதாரர்

காமிக்ஸைக் கீழ்த்தட்டுக்கு உரியது என்று தள்ளாததற்கு முதலில் என் வணக்கம் ஐயா. மாயாவியைப் பற்றி நீங்கள் சொன்ன விதி என்ற கருத்து மிகவும் சரியானது. ஆனால் கதை விதியை மட்டும் வைத்து அவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்காது, அந்தக் கையை வரைந்தவரும் அதில் பாதிக்குப் பொறுப்பு என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. பெரும்பகுதியை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது இதைத்தான் முதல் இதழாகக் கொண்டுவந்தார். பிளாஸ்கோ என்ற பெயர் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அதற்கு முன்பே அவர் வரையும் கோடுகள் எனக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கியைப் பிடித்தபடி ஒரு கை அந்தரத்தில் நிற்கும். அதற்குப் பின்னால் தோள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஆனால் கை இருக்கும் உயரத்தையும் மணிக்கட்டின் சாய்வையும் பார்த்தால், மறைந்திருப்பவர் குனிந்திருக்கிறாரா, நிமிர்ந்திருக்கிறாரா, களைத்திருக்கிறாரா என்று சொல்லிவிடலாம். இல்லாத உடலை வாசகன் மனத்தில் நாமே வரைந்துகொள்ளும்படி செய்திருக்கிறார். நாவலில் இதே வேலையைச் செய்ய ஒரு பத்தியாவது வேண்டும்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மாயாவி என்றால் முத்துவில் இரும்புக்கை மாயாவி. 1984இல் வரத் தொடங்கிய ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி அணிந்த காட்டு வீரர், அதாவது வேறு இதழ்களில் வேதாளன் என்று வந்தவர். எங்கள் தெருவில் இருவரையும் குழப்பிக்கொண்டு சண்டையே நடந்திருக்கிறது. அதே 1984இல்தான் லயன் காமிக்ஸும் தொடங்கியது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் இதழ்களில் புதியது எது என்று பத்தடி தூரத்திலிருந்தே அட்டையின் நிறத்தை வைத்துச் சொல்வோம்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சித்திரக்கதையில் பேச்சுக்குமிழின் அளவு முன்பே முடிவாகிவிடுகிறது. தமிழ்ச் சொல் நீளம். குமிழ் பெரிதாகாது. ஆகவே மொழிபெயர்ப்பவர் சொல்லைச் செதுக்கியே ஆக வேண்டும். 1948இல் இத்தாலியச் சித்திரக்கதையில் பிறந்த கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் நம் ஊர்ப் பெரியவர் போலச் சுருக்கென்று பேசுவது இந்த நெருக்கடியால் விளைந்த நன்மை என்று நான் கருதுகிறேன். இதைப் படித்தால் தமிழ் வராது என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தால், நான் அதை மறுக்கிறேன். ஒரு வரியில் எவ்வளவு சொல்ல முடியும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை இந்தக் குமிழ்கள்தாம்.

கோட்டைவாசல் வாசகர்

சந்தாதாரர் தம்பிக்கு: இன்று காலை அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்து, கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே பக்கம் புரட்டினேன். நீங்கள் சொன்னது உண்மை. மணிக்கட்டை நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்க்காமலே பார்த்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு ஆசிரியர்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு. ஊரால் நம்பினேன், ஆற்றுக்காக நம்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

‘அகல் விளக்கு’ நாவலின் பாலாறு எங்கள் பாலாறு அன்று. நான் பிறந்து வளர்ந்தது தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாசனையில். என் தந்தை சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். இரவில் சாப்பிடும்போது அவருடைய கைவிரல் நகங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். ஓரங்களில் வெள்ளை பாரித்து, வெடித்து இருக்கும். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் கழிவு கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் வலுப்பெற்ற தீர்ப்புகளில் அதுவும் ஒன்று என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் மாவட்டத்தின் கண்ணீர் சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஆனால் நாவலில் அது எப்போது ஏறியது?

எனக்கு அந்த விடையைத் தந்தவர் எங்கள் பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன். 2001இல் வந்த அவருடைய ‘தகப்பன் கொடி’ நாவலைப் படித்தபோது, என் பாட்டி பேசிய பேச்சு, வசவும் வாஞ்சையுமாக அப்படியே அச்சில் இருந்தது. ஊர்ப் பெயர் அச்சில் வந்ததைக் கண்டு நீங்கள் பதின்மூன்று வயதில் நம்பினீர்கள். எனக்கு ஊர்ப் பெயர் போதவில்லை. சேரியின் பேச்சு வரும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலம் யாருடையதாக இருந்தது, எப்படிக் கைமாறியது, யார் கூலியானார்கள் என்று கேட்காத ஒரு நாவலில் ஆறு எவ்வளவு அழகாக ஓடினாலும், அந்தக் கரையில் எங்களுக்கு நிற்க இடம் இல்லை.

சித்திரக்கதை குறித்து வேறொரு செய்தி. அம்பேத்கர் தம் வாழ்வில் பட்ட அவமதிப்புகளைத் தாமே எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நினைவுக் குறிப்பை அடிப்படையாகக் கொண்ட ‘பீமாயணம்’ நூலைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தது. அதில் கட்டங்களே இல்லை. சதுரத்துக்குள் மனிதர்களை அடைப்பதை அவர்கள் விரும்பவில்லை. அன்பாகப் பேசுகிறவர்களின் பேச்சுக்குமிழ் பறவை வடிவில் இருக்கும். நஞ்சாகப் பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேளின் கொடுக்கு இருக்கும். 1901இல் தந்தையைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவன் பீம், மாசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, சாதியைச் சொன்னதும் வண்டி கிடைக்காமல் தவிக்கும் பகுதியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு மாணவி அந்தக் கொடுக்கின் மேல் விரலை வைத்து, வாசிக்கத் தொடங்கும் முன்பே, ‘சார், இவர் கெட்டவார்த்தை பேசப்போறாரு’ என்றாள். அந்தப் பெண் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்கு அந்தப் பக்கம் எழுத்துக்கு முன்பே புரிந்துவிட்டது. உங்கள் பட்டியலில் நான்காவதாக இதைச் சேருங்கள் ஐயா: பட்டவர்களுக்கு நம்ப வைக்கவே தேவையில்லை, பார்த்தால் போதும்.

மாலைப்பணி

ஆசிரியர் தம்பியின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். தந்தையின் நகங்களைப் பற்றி அவர் எழுதியது, கைகளோடே முப்பது ஆண்டுகள் பழகிய என்னை உலுக்கிவிட்டது. நான் ஓய்வுபெற்ற செவிலி. பணிக்காலத்தின் பெரும்பகுதி தொழுநோயாளர் பிரிவில் கழிந்தது.

வேலூரைப் பற்றி வெளியூரார் எழுதிய வாழ்க்கை நூல்கள் பல உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றியது, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த மேரி வர்கீஸைப் பற்றியது என்று நான் பலவற்றைப் படித்திருக்கிறேன். அவை நல்ல நூல்கள். எனினும் போற்றுதல் மிகுந்த நூல்களில் எனக்கு மூச்சு முட்டும். மருத்துவர் பால் பிராண்ட் பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதி 1993இல் வந்த நினைவு நூல் அப்படிப்பட்டதன்று. வலியை யாரும் விரும்பாத கொடை என்று அதன் தலைப்பே சொல்கிறது. பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர், 1946இல் வேலூருக்கு வந்தவர்.

அவர் பூட்டு ஒன்றைப் பற்றி எழுதியிருப்பதை நான் மறக்கவே மாட்டேன். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப அவர் முழு வலிமையோடு முயன்றும் முடியவில்லை. சிகிச்சைக்கு வந்திருந்த மெலிந்த சிறுவன் ஒருவன் வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிடுகிறான். இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று வியந்து கீழே பார்த்தால், தரையில் இரத்தத் துளி. சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. வலி தெரியாததால்தான் விரல்கள் அழிகின்றன, நோய் நேரடியாக விரலைத் தின்பதில்லை என்பதை அந்த மருத்துவர் உறுதிப்படுத்திக்கொண்டு போன பாதையில் அந்தத் துளியும் ஒரு படி.

இன்னொரு பகுதி அவரைப் பற்றியது. பயணக் களைப்போடு இலண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று தெரிகிறது. ஊசியால் குத்திப் பார்க்கிறார், வலி இல்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி இரவு முழுவதும் விழித்துக் கிடக்கிறார். விடிந்ததும் மீண்டும் குத்திப் பார்க்கிறார். வலிக்கிறது. அந்த வலிக்காக அவர் மகிழ்ந்ததைப் படித்தபோது நான் அழுதேன், ஏனென்றால் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போய் என் விரல் நுனிகளைக் கிள்ளிப் பார்த்துக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. நோயாளிகளிடம் அஞ்சாதீர்கள் என்று பகலில் சொல்லிவிட்டு, இரவில் அஞ்சியவள் நான். ஐயா ஒப்புதல் என்று எழுதினீர்களே, அது இதுதான். அவர் தம் அச்சத்தை எழுதியதால்தான் அவருடைய அறிவியலையும் நம்பினேன்.

ஆனால் ஒன்று குறையாகவே இருக்கிறது. அந்தச் சிறுவன் எழுதிய நூல் நம்மிடம் இல்லை. பூட்டைத் திறந்த கையின் பக்கத்திலிருந்து அந்தக் காட்சியை யாரும் எழுதவில்லை. ஆசிரியர் தம்பி சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றிக் கேட்டதும் இதே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரக்கோணம் ஏழு ஐம்பது

தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவள் நான். என் வாசிப்பு முழுவதும் ஜன்னலோரத்தில் நடப்பது. மாலைப்பணி அம்மா எழுதியதைப் படித்தபின் எனக்கு மர்ஜானே சத்ரபியின் நூல் நினைவுக்கு வந்தது. தமிழில் ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ என்ற பெயரில் வந்திருக்கிறது. தன்வரலாறும் சித்திரக்கதையும் ஒரே நூலில் சேர்ந்தது.

அதன் முதல் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1980ஆம் ஆண்டு. பத்து வயதுச் சிறுமி முக்காடு அணிந்து உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கட்டத்தில் வகுப்புத் தோழிகள் நால்வர் வரிசையாக இருக்கிறார்கள். தான் அந்தப் படத்தின் இடது ஓரத்தில் இருப்பதாகவும் அதனால் தன்னைப் பார்க்க முடியாது என்றும் சொல்கிறாள். கட்டத்தின் விளிம்பு அவளை வெட்டிவிட்டது. தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போதே தன்னைப் படத்துக்கு வெளியே வைத்துவிட்டார் ஆசிரியர். எழுத்தில் இதைச் சொன்னால் ஒரு வாக்கியம். படத்தில் அது ஓர் உணர்வு. பள்ளியில் குழுப்படம் எடுக்கும்போது என்னையும் ஓரத்திலேயே நிற்கவைப்பார்கள், அதனால்கூட எனக்கு இது உடனே பிடித்திருக்கலாம். பெட்டியில் கூட்டம் நெரிந்த ஒரு காலையில் அந்தப் பக்கத்தைப் பெரம்பூர் வரும்வரை திருப்பாமல் வைத்திருந்தேன்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ நூலிலும் இத்தகைய ஓரிடம் உண்டு. நாஜி முகாமில் தப்பிய தம் தந்தையின் கதையை யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்தவர், இரண்டாம் பாகத்தில் தம்மை எலி முகமூடி கட்டிய மனிதராக, பிணங்களின் மேல் போட்ட மேசையில் உட்கார்ந்து வரைபவராகக் காட்டுகிறார். பிறர் துயரத்தால் தமக்குப் புகழ் வந்ததே என்ற கூச்சத்தை அவர் மறைக்கவில்லை. ஐயா சொன்ன மூன்று காரணங்களில் ஒப்புதலும் விதியும் இந்த இரண்டு நூல்களிலும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. ஆகவே தட்டு பிரிக்க வேண்டியதில்லை என்பதற்கு இவையே சான்று.

தொரப்பாடிக்காரர்

சுருக்கமாக ஒன்று. தன்வரலாறு என்று பேசுகிறோம், நாட்குறிப்பை யாரும் சொல்லவில்லையே. எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தால் மத்திய சிறையின் மதில் தெரியும். இராஜாஜி ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை, அந்த மதிலுக்குள் இருந்து நாட்குறிப்பு எழுதினார். பிறகு அது நூலாக வந்தது.

தன்வரலாறு எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும். உ.வே.சா. முதலியாரைச் சந்தித்ததை எழுதும்போது, சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்ததும் தெரிந்தே எழுதுகிறார். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு நாளை என்ன என்று தெரியாது. 1922 ஜனவரியில் இராஜாஜி, விடுதலை வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும் பணத்தின் ஆதிக்கமும் திறமையற்ற நிர்வாகமும் வாழ்க்கையை நரகமாக்கும் என்ற கருத்தை எழுதி வைத்தார். விடுதலைக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன. விடுதலைக்காகச் சிறையில் இருந்துகொண்டே ஒருவர் இதை எழுதியிருக்கிறார். பின்னாளில் எழுதியிருந்தால் வெறும் அங்கலாய்ப்பாக இருந்திருக்கும். தேதி போட்டதனால்தான் அது நம்மை அடிக்கிறது.

கோட்டைவாசல் வாசகர்

எல்லாருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். ஆசிரியர் தம்பிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் ஆற்றுக்காக நம்பினேன் என்று எழுதியபோது, அந்த ஆற்றங்கரையில் எனக்கு நிற்க இடம் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. ‘அகல் விளக்கு’ எனக்குப் பிடித்த நூலாகவே இருக்கும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கை எல்லார்க்கும் பொதுவானது என்பதுபோல எழுதியது தவறு. நேற்று மாலை வாலாஜாவுக்கு ஒரு காரியமாகப் போனவன், பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழே பார்த்தேன். மணலும் முட்செடியும்தான் கண்ணுக்கு எட்டியவரை. எந்த நாவலின் ஆற்றை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெளிவாகவில்லை.

மாலைப்பணி அம்மாவுக்கு: நீங்கள் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிறுவன் எழுதவில்லை என்று வருந்தினீர்கள். மருத்துவரின் நூலில் இல்லாத ஒரு பக்கம் உங்களிடம் இருக்கிறது. இரவுப் பணி முடிந்து விரல் நுனியைக் கிள்ளிப் பார்த்த ஒரு செவிலியின் நூலை நான் படித்ததில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். தட்டச்சு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீவாநதி தம்பியோடு வரும் ஞாயிற்றுக்கிழமை மேல்பாடிக்குப் போவதாகப் பேசியிருக்கிறேன். என் பேத்தியும் வருகிறாள். ‘தகப்பன் கொடி’ என்னிடம் இல்லை. வேலூரில் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. ஆசிரியர் அவர்களும் வர இயலுமானால், தம் படியைக் கொண்டுவந்து எனக்குக் கடனாகத் தர வேண்டும். பதினைந்து நாளில் திருப்பித் தருவேன், பக்கத்தின் முனையை மடிக்க மாட்டேன்.

பேரணாம்பட்டு ஆசிரியர்

வருகிறேன் ஐயா. காலை எட்டு மணிக்குள் காட்பாடி வந்துவிடுவேன். என் படியில் என் தந்தை அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டுகள் அங்கங்கே இருக்கும். அவர் ஒருமுறைதான் முழுதாகப் படித்தார். அவற்றை மட்டும் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.